விலையை யார் கொடுக்கிறார்?

'இலவசம்' என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் இரண்டு உணர்வுகள் எழுகின்றன. ஒன்று மகிழ்ச்சி, மற்றொன்று ஐயம். கொடுப்பவர் அன்பினால் கொடுக்கிறாரா, வேறொன்றை எதிர்பார்த்துக் கொடுக்கிறாரா என்று அறிய விரும்புவது மனித இயல்பு. இளைஞர் பலரின் கைப்பேசியில் இடம்பெற்றுள்ள இலவசச் சீட்டு விளையாட்டுகளும் இந்தப் பழைய வினாவையே நம்முன் வைக்கின்றன.

சீட்டு என்றதும் ரம்மியை நினைக்க வேண்டாம். 1993-ஆம் ஆண்டு ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்னும் கணித அறிஞரின் 'மேஜிக்: தி கேதரிங்' என்ற ஆட்டம் வெளிவந்தது. அதில் அவரவர் சேகரித்த சீட்டுகளிலிருந்து தமக்கென ஒரு கட்டை அமைத்துக்கொள்வர். அவ்வழியில் வந்து 2014-இல் வெளியான 'ஹார்த்ஸ்டோன்', தாளே இன்றித் திரையில் மட்டும் நடைபெறுவது. கையில் 30 சீட்டுகள் கொண்ட கட்டு. எதிரே முகமறியாத ஒருவர். நுழைவுக் கட்டணம் இல்லை.

நாமும் ஆடிப் பார்த்தோம். ஆட்டம் அறிவுக்கு விருந்து என்பதை மறைக்க வேண்டியதில்லை. எதை இப்போது இறக்குவது, எதைக் காத்து வைப்பது என்று எண்ணும்போது முன்யோசனை கூர்மை பெறுகிறது. விளையாட்டிலும் ஒரு நற்பண்பு உண்டு என்று அரிஸ்டாட்டில் கருதினார். உடலுக்கு ஓய்வு தேவைப்படுவதுபோல உள்ளத்துக்கும் தேவை என்று புனித தோமா அக்குவினாரும் அதை ஏற்றார். ஆகவே, ஆடுவது குற்றமன்று.

கேள்வி பிறப்பது வேறிடத்தில். புதிய சீட்டுகள் ஐந்தைந்தாக மூடிய உறைகளில் வருகின்றன. ஆடிச் சேர்த்த பொற்காசுகளாலும் அவற்றைப் பெறலாம். உண்மைப் பணத்தாலும் வாங்கலாம். உள்ளிருப்பது பிரித்த பின்பே தெரியும். 2017-இல் நிறுவனமே வெளியிட்ட கணக்கின்படி, மிக அரிய வகைச் சீட்டு சராசரியாக 20 உறைகளுக்கு ஒன்று. வேண்டாத சீட்டுகளை உடைத்துத் துகளாக்கலாம். அத்துகளால் வேண்டியதை ஆக்கிக்கொள்ளலாம். மிக அரிய சீட்டு ஒன்றை ஆக்க 1600 துகள் தேவை. அதையே உடைத்தால் கிடைப்பது 400. ஒன்றைப் பெற நான்கை இழக்க வேண்டும்.

நாம் ஒரு காசும் செலவிடவில்லை. எனில், நம் ஆட்டத்துக்கு விலை கொடுத்தவர் யார்? உறைகளை வாங்கிய வேறொருவர். உள்ளவர் கொடுக்க இல்லாதவர் மகிழ்வது நல்லதுதானே எனலாம். திருவிழா அசனத்திலும் சிலர் கொடுக்க, ஊரே உண்கிறது. ஆனால் அசனத்துக்குக் கொடுப்பவர், எவ்வளவு, எதற்கு என்று அறிந்து கொடுக்கிறார், கொடுத்தபின் நிறைவடைகிறார். உறையைப் பிரிப்பவரோ, 'அடுத்ததில் கிடைக்கும்' என்ற ஏக்கத்திலும் கொடுக்கக்கூடும். அவர்களுள் வசதியுள்ளவரும் இருப்பர். தம்மைக் கட்டுப்படுத்த இயலாதவரும் இருப்பர். நாம் உண்ட சோறு எவர் கையிலிருந்து வந்தது என்று அறிய வழியில்லை. மேலும், நாம் அங்கே வெறும் விருந்தினரும் அல்லர். பணம் கொடுத்தவருக்கு எதிராளியாக அமர்ந்து, அவர் வாங்கியதற்குப் பயன் உண்டாக்குபவர்களும் நாமே.

வேறு சில விளையாட்டுகளில் விற்கப்பட்ட இத்தகைய அதிர்ஷ்டப் பெட்டிகளை, 2018-இல் பெல்ஜிய நாட்டுச் சூதாட்ட ஆணையம் சூதாட்டம் என்றே தீர்மானித்தது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். மனச்சான்றின் கேள்வியோ எல்லைகளைக் கடந்தது.

இன்னொன்றும் எண்ணத் தக்கது. தாளில் அச்சிட்ட சீட்டைத் தம்பிக்குக் கொடுத்துவிடலாம். இந்தத் திரைச் சீட்டை எவருக்கும் கொடுக்க இயலாது, உடைக்கத்தான் இயலும். பிறருக்குக் கொடுக்க முடியாத ஒன்றை 'என்னுடையது' என்று சொல்வது எவ்வளவு பொருந்தும்?

ஆகவே, பெற்றோர் கைப்பேசியைப் பிடுங்குவதைவிட, பிள்ளைகளின் அருகில் அமர்ந்து அந்த ஆட்டத்தை அறிந்துகொள்வது நலம். 'இது இலவசம்' என்று பிள்ளை சொல்லும்போது, 'நமக்காகக் கொடுப்பவர் யார்? அவர் மனமுவந்து கொடுக்கிறாரா?' என்று கேட்கப் பழக்குவோம். அக்கேள்வியோடு ஆடுகிறவர், எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் அறிந்துகொள்வார்.