விதியின் பிழையா?

சாலையிலே வண்டி மோதி ஒருவன் மாள்கிறான். கூடியோர் கூறுவதென்ன? "எல்லாம் விதி!" மோதியவன் கூறுவதென்ன? "வேண்டுமென்றா செய்தேன்?"

இருவருக்கும் சட்டம் விடை தருகிறது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 18ஆம் பிரிவு, முறையான செயலை உரிய கவனத்தோடு செய்கையில் நேரும் விபத்தைக் குற்றமெனக் கொள்வதில்லை. 106ஆம் பிரிவோ, கவனமின்மையால் உயிர் போக்கியவனுக்கு, கொல்லும் எண்ணம் இல்லாதிருந்தும், 5 ஆண்டு வரை சிறை என்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் இது 2 ஆண்டே.

எண்ணாததற்கும் தண்டனையா என்பர் சிலர். எண்ணாமைதானே குற்றம் என்போம் நாம்! எதிரே வருபவனும் மனிதன், அவன் வரவுக்குக் காத்திருக்கும் வீடொன்று உண்டு என எண்ணியிருக்க வேண்டும், எண்ணவில்லை.

தேய்ந்த பிரேக்கைத் தெரிந்தே விட்டவர் யார்? கண்ணயரும் ஓட்டுநரை மேலும் ஓட்டச் சொன்னவர் யார்? தோண்டிய பள்ளத்தை மூடாது சென்றவர் யார்? இக்கேள்விகளின் வாயை அடைக்கிறது விதியென்னும் ஒரு சொல். ஊழைக் கூண்டிலேற்ற இயலுமோ? இயலாது, ஆகவே குற்றவாளி தப்புகிறான், இழந்த குடும்பமோ இழப்பீடு கேட்கவும் அஞ்சி ஒடுங்குகிறது.

விதி என்பதற்குப் பொருள் இரண்டு: ஊழ் ஒன்று, சட்டம் மற்றொன்று. முன்னதை மறப்போம்! பின்னதைக் கற்போம்!