பிறவாதோர் வழக்கு

வவுனியா வடக்கிலுள்ள கனகராயன்குளத்தின் பெயரைத் தாங்கும் கனகராயன் ஆறு, வடக்கு நோக்கி ஓடி இரணைமடுக் குளத்தை நிரப்புகின்றது. மேல்வயற்காரன் நீரை மறித்தால் கீழ்வயற்காரன் முறையிடுவான். ஊர் கூடி நியாயம் தீர்க்கும். ஆயின், கீழ்வயற்காரன் இன்னும் பிறக்கவேயில்லை எனின் முறையிடுபவர் யார்? காலநிலை மாற்றம் நம் காலத்து அறவியலின் முன் வைக்கும் வினா இதுவேயாகும்.

ஆலைகளும் வாகனங்களும் வெளியிடும் காபனீரொட்சைட்டின் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் வளிமண்டலத்தில் தங்குகின்றது. பயனை ஒரு தலைமுறை நுகர, கேட்டை மற்றொரு தலைமுறை சுமக்கின்றது. 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை மூடிய வெள்ளம் போன்ற ஒரு தனி நிகழ்வுக்கு இதுவே காரணம் எனத் துணிந்துரைத்தல் எளிதன்று. எனினும், வெப்பமுற்ற வளி மிகுதியான நீராவியை ஏந்தும். அதனாற் கடுமழை மேலும் கடுமையுறும் என்பது அறிவியல் நிறுவிய உண்மை.

பிறவாதோர்க்கு உரிமை உண்டோ என்பது மெய்யியலாளரின் ஐயம். டெரக் பார்பிற் 1984இல் வெளியிட்ட நூலில் இதனை மேலுங் கூர்மையாக்கினார். இன்றைய கொள்கைகள் நாளை யார் பிறப்பர் என்பதையே மாற்றிவிடுகின்றன. அவ்வாறாயின், அக்கொள்கையின்றேல் பிறந்தேயிராத ஒருவர் அதனால் தமக்குத் தீங்கு நேர்ந்தது என எவ்வாறு கூறலாம்? இவ்வினாவிற்குக் குளக்கட்டு விடை தருகின்றது. கட்டின் உள்ளே குறையை மறைத்துவைத்தான் ஒருவன். நாற்பது ஆண்டுகளின் பின் அது உடைந்து பத்து வயதுச் சிறுவன் இறக்கின்றான். கட்டு எழுந்தபோது அச்சிறுவன் பிறந்திலன் என்பதற்காகக் கட்டியவனைக் குற்றமற்றவன் என்போமா? கட்டின் கீழ் யார் வாழினும் அவர்க்குச் செய்யவேண்டிய கடமை அது. கடமை உண்டாவதற்கு அவர் பெயர் தெரிந்திருத்தல் வேண்டுவதில்லை.

இவ்வுண்மையைச் சர்வதேச சட்டம் மெல்ல மெல்லவே ஏற்றது. 1972இன் ஸ்ரொக்ஹோம் பிரகடனமும் 1992இன் றியோ பிரகடனமும் வருங்காலத் தலைமுறையினரைக் குறிப்பிட்டன. ஆயின் அவை நாடுகளைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்களல்ல. டான்யூப் நதித் திட்டம் பற்றிய ஹங்கேரி – சிலோவாக்கியா வழக்கில், 1997இல், இலங்கையரான நீதியரசர் வீரமந்திரி தனிக்கருத்து ஒன்றை எழுதினார். இலங்கையின் தொன்மையான குளங்களை அதில் எடுத்துக்காட்டிய அவர், அரசன் நிலத்தின் உரிமையாளன் அல்லன், காவலனே என மகிந்த தேரர் உரைத்ததாகக் கூறப்படும் கருத்தையும் நினைவூட்டினார். 2000ஆம் ஆண்டில் எப்பாவல பொஸ்பேற்று வழக்கில் நம் உயர் நீதிமன்றமும் இவ்வழியே சென்றது. அப்பிரகடனங்களை உயர் நீதிமன்றங்கள் தம் தீர்ப்புகளில் ஏற்குமிடத்து அவை உள்நாட்டுச் சட்டமாகும் என நீதியரசர் அமரசிங்க எழுதினார். முழுமையான ஆய்வும் சூழல் தாக்க மதிப்பீடும் இன்றி அகழ்வு ஒப்பந்தம் தடைப்பட்டது. வழக்கைத் தொடுத்தோர் அவ்வூர் வாசிகள் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

2019இல் வனுவாத்துவில் பயின்ற தென்பசுபிக் பல்கலைக்கழகச் சட்ட மாணவர் 27 பேர் தொடங்கிய முயற்சி, 2023 மார்ச்சில் ஐ. நா. பொதுச்சபைத் தீர்மானமாயிற்று. 2025 யூலை 23இல் சர்வதேச நீதிமன்றம் ஒருமனதாகக் கருத்துரைத்தது: காலநிலையைக் காத்தல் நாடுகளின் சட்டக் கடமை; அதனை மீறுதல் அரசின் பொறுப்பைத் தோற்றுவிக்கும்; தலைமுறைகளுக்கிடையிலான நீதி சட்ட விதிகளைப் பொருள்கொள்வதற்கு வழிகாட்டியாகும்.

இங்கு வன்னியின் குரலையும் செவிமடுத்தல் வேண்டும். 2009இல் முடிவுற்ற போரில் யாவற்றையும் இழந்து மீள்குடியேறியோரிடம், நாளையோர்க்காக இன்று பொறுத்திருங்கள் எனக் கூறுதல் நீதியாகுமா? ஆகாது. புகையின் பயனை நுகராதோர் அதன் விலையை முதலிற் செலுத்துதல் அறமன்று. 1992இன் காலநிலைச் சமவாயம் பொதுவானதும் வேறுபட்டதுமான பொறுப்புகள் என்ற கோட்பாட்டை வைத்தது இதன் பொருட்டேயாம். இன்றைய வறியோரை மறந்து நாளையோரைக் காப்பதாகக் கூறும் நீதி, நீதியின் பெயரை மட்டுமே தாங்குவது.

சட்டத்தின் எல்லையையும் மறைத்தலாகாது. சர்வதேச நீதிமன்றத்தின் கருத்துரை கட்டளையன்று. நம் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27(14)ஆம் உறுப்புரை சூழலைக் காக்குமாறு அரசுக்குப் பணித்தபோதிலும், 29ஆம் உறுப்புரை அக்கடமையை நீதிமன்றில் நேரே வலியுறுத்த இடந்தரவில்லை. ஆயினும், வாய்பேச இயலாதார் சார்பில் வாழ்வோர் பேசலாம் எனச் சட்டம் ஏற்பதே பெரும் பேறாகும். பிறவாதோர்க்கு வாக்குரிமை இல்லை. அவர்தம் வழக்கை நடத்தவல்லோர் இன்று வாழ்வோரே. அவ்வழக்கில் எதிராளிகளும் அவர்களே என்பதனாற்றான் அதனை நேர்மையுடன் நடத்துதல் அரிதாகின்றது. அந்நேர்மையே இத்தலைமுறையின் அறத்திற்கு உரைகல்லாகும்.