அது இதுதானா?

2003 டிசம்பர் 8, 9 ஆகிய இரு இரவுகளில் அமெரிக்காவின் சை-ஃபை அலைவரிசையில் ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’ என்னும் குறுந்தொடர் முதன்முறையாக ஒளிபரப்பானபோது, 1978இல் ஏபிசி நிறுவனம் ஒளிபரப்பிய அதே பெயருடைய அறிவியல் புனைவுத் தொடரை நினைவில் காத்துவந்த ரசிகர்களுள் ஒரு சாரார் எழுப்பிய மறுப்பு, புதிய தொடர் நன்றாக இல்லை என்பதன்று. இது அதுவே அன்று என்பதாகும். நன்று, தீது என்பவை மதிப்பைப் பற்றிய தீர்ப்புகள். இது அதுவன்று என்பதோ, ஒரு பொருள் மாறியபின்னும் எதனால் அதே பொருளாக நீடிக்கிறது என்னும், மெய்யியலார் அடையாளச் சிக்கல் என்று வழங்கும் பழைய வினாவைச் சார்ந்தது. ரசிகரின் சினத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கியவர்கள் இவ்வேறுபாட்டைக் கருதவில்லை.

மாற்றங்கள் சிறியவை அல்ல. கிளென் லார்சன் படைத்த மூலத் தொடரில், மனிதரின் பன்னிரு குடியேற்ற உலகங்களை அழிக்கும் சைலான்கள் என்னும் இயந்திரப் படையினர், என்றோ மறைந்துபோன ஓர் ஊர்வன இனத்தின் ஆக்கங்கள். ரொனால்டு மூர் வடித்த மறுஆக்கத்திலோ, அவர்களை மனிதரே தம் ஏவலுக்கெனச் செய்தனர் என்றும், அவர்கள் தம்மைச் செய்தவரை எதிர்த்து எழுந்தனர் என்றும், பின்னர் அவர்களுள் பன்னிரு வகையினர் தசையும் குருதியுமாக, மனிதரிடமிருந்து பிரித்தறிய இயலாத உருவம் பெற்றனர் என்றும் கதை மாறியது. டிர்க் பெனடிக்ட் நடித்த ஸ்டார்பக் என்னும் போர் விமானி, கேட்டி சாக்காஃப் நடித்த பெண்ணானாள். பூமர் என்னும் விமானியும் அவ்வாறே பெண்ணானாள். பெனடிக்டே 2004இல் இதைக் கண்டித்துக் கட்டுரை எழுதினார். அதில் ஆண்மை குறித்த மனக்குறையே மேலோங்கி நிற்கிறது என்பதை மறுக்க இயலாது, எனினும் ரசிகர் மறுப்பு முழுவதையும் அந்த ஒரே கணக்கில் எழுதிவிடுவது எளிய வழியே தவிர நேரிய வழி அன்று.

அடையாளச் சிக்கலுக்கு மேலைமரபில் நிலைபெற்ற எடுத்துக்காட்டு, புளூட்டார்க் குறிப்பிடும் தீசியஸின் கப்பல். ஏதென்ஸ் மக்கள் அவ்வீரனின் கப்பலைப் போற்றிக் காத்து, உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாகக் களைந்து புதியவற்றைப் பொருத்திவந்ததால், அது அதே கப்பல் என்றும் அன்று என்றும் அறிஞர் இரு கட்சியாகப் பிரிந்தனர் என்பது செய்தி. 1655இல் தாமஸ் ஹாப்ஸ், களைந்த பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து அதே வரிசையில் மீண்டும் ஒரு கப்பலாகக் கட்டினால் இரண்டனுள் எது தீசியஸின் கப்பல் என்று வினவிச் சிக்கலை இறுக்கினார். மறுஆக்கத்தின் தொடக்கக் காட்சிகளில் கேலக்டிகா என்னும் போர்க்கப்பல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு அருங்காட்சியகமாக்கப்படும் தறுவாயில் இருக்கிறது என்பதையும், தாக்குதல் நேர்ந்தபின் அந்தக் காட்சிப்பொருளே மீண்டும் போருக்குச் செல்ல வேண்டியிருக்கிறது என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். பழையதைக் கண்ணாடிப் பேழையில் வைப்பதா, ஓட்டுவதா என்னும் கேள்வியை, ரசிகர் எழுப்புவதற்கு முன்பே, கதையே எழுப்பிவிடுகிறது.

நூல்களைப் பொறுத்தவரை தமிழ் இலக்கணம் இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. முதல்நூலின் முடிந்த பொருளோடு முழுவதும் ஒத்து, பின்னோன் வேண்டிய சில வேறுபாடுகளையும் ஏற்று வருவதை வழிநூல் என்றும், முன்னைய நூல்களோடு சிறுபான்மை ஒத்துப் பெரும்பான்மை வேறுபடுவதைச் சார்புநூல் என்றும் நன்னூல் வகுக்கும். 2003ஆம் ஆண்டின் ரசிகர் வழிநூலை எதிர்பார்த்துச் சார்புநூலைப் பெற்றார் என்று சொல்லலாம். ஆனால் முடிந்த பொருள் எது என்பதில்தான் வழக்கு. வீடிழந்த மக்கள் ஒரு போர்க்கப்பலின் காவலில் பூமி என்னும் பதின்மூன்றாம் குடியினரின் இடத்தைத் தேடிச் செல்வதே முடிந்த பொருள் எனில் புதியது வழிநூலே. ஸ்டார்பக்கின் சிரிப்பே முடிந்த பொருள் எனில் அன்று. அளவுகோல் சரியானது, ஆனால் அதை எங்கே வைத்து அளப்பது என்பதை அது சொல்வதில்லை.

மனிதரின் தன்னடையாளத்தை, அதாவது நேற்றிருந்தவரும் இன்றிருப்பவரும் ஒருவரே என்பதை, உடலிலும் உயிரிலும் தேடாமல் நினைவில் நிறுவியவர் ஜான் லாக். 1694இல் வெளிவந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில் இதற்கென ஓர் இயலைச் சேர்த்த அவர், முன்செய்த செயலைத் தன் செயலாக உணரும் நனவு எதுவரை நீளுமோ அதுவரை ஒருவர் அவரே என்றார். 1785இல் தாமஸ் ரீட், பள்ளிப் பருவத்தில் தண்டனை பெற்றதை இளம் அதிகாரி நினைவில் வைத்திருக்கவும், அந்த அதிகாரியின் செயலை முதிய தளபதி நினைவில் வைத்திருக்கவும், பள்ளிச் சிறுவனைத் தளபதி முற்றிலும் மறந்துவிடவும் கூடும் ஆதலால், லாக்கின்படி தளபதி அச்சிறுவனாகவும் அல்லாதவனாகவும் ஆவார் என்று மறுத்தார். இவ்விவாதம் கேலக்டிகாவுக்குப் பொருந்தும் இடம் எதிர்பாராதது. ஒரே பருவத்தோடு 1979இல் நிறுத்தப்பட்ட ஒரு தொடருக்குத் தனக்கெனச் சொந்த நினைவு கிடையாது. இடைப்பட்ட ஏறத்தாழ கால் நூற்றாண்டு அது ரசிகரின் நினைவிலேயே உயிர்வாழ்ந்தது. 1978இல் பன்னிரண்டு வயதுச் சிறுவனாக அதைப் பார்த்தவருக்கு 2003இல் வயது முப்பத்தேழு; திரையில் தோன்றுவது அதுவே அன்று என்று அவர் மறுக்கும்போது, காப்பாற்றப்படுவது தொடரின் அடையாளமா, அச்சிறுவனும் தானும் ஒருவரே என்னும் உறுதியா என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டாவதே என்று கொண்டால்தான் அச்சினத்தின் அளவு விளங்குகிறது.

புதிய தொடர் இச்சிக்கலைச் சமயத்தின் மொழியிலும் பேசியது. மார்மன் சமயத்தவரான லார்சன், கோபோல் என்னும் தாயகம், பன்னிருவர் மன்றம் என்று தம் சமய மரபின் எதிரொலிகளை மூலத்திலேயே வைத்திருந்தார். மூர் அத்தளத்தின்மீது, பல தெய்வங்களை வணங்கும் மனிதரையும் ஒரே கடவுளை நம்பும் இயந்திரங்களையும் எதிரெதிராக நிறுத்தினார். உயிர் என்பது படைப்போன் தருவது எனில், மனிதக் கையால் செய்யப்பட்டவற்றுக்கு அதைத் தந்தவர் யார் என்னும் வினா இதனால் கூர்மையடைகிறது. சைலான்களின் பக்தியை வெறும் நிரல் என்று தள்ளும் மனிதர், தம் பக்தியும் பழக்கத்தால் எழுதப்பட்டதே என்னும் எதிர்வாதத்துக்கு விடை சொல்ல இயலாமல் நிற்கின்றனர்.

உருவம் பெற்ற சைலான் இறந்தால் அதன் நினைவு அதே வகையைச் சேர்ந்த வேறோர் உடலுக்கு மாற்றப்படுகிறது. ஒரே வகையில் பல படிகளும் உண்டு. தான் சைலான் என்பதையே அறியாத பூமர், தளபதி அடாமாவைச் சுடுகிறாள். அவளுடைய நினைவுகளைத் தன்னுள் கொண்ட மற்றொரு படி, அதே முகத்தோடும் அதே கடந்த காலத்தோடும் கப்பலுக்கு வந்து சிறைப்பட்டு, காலப்போக்கில் அந்த அடாமாவின் கையாலேயே படை அதிகாரி ஆகிறாள். நினைவே ஆள் என்றால் இவள் சுட்டவள். உடலே ஆள் என்றால் இவள் அன்று. அடாமா இக்கணக்கைத் தீர்த்துவிட்டுப் பதவி தரவில்லை, தீராத கணக்கின்மீதே நம்பிக்கை வைக்கிறார். அடையாளம் கண்டறியப்படுவது மட்டுமன்று, வழங்கப்படுவதும் ஆகும் என்பதற்கு, மெய்யியல் நூல்களில் இதைவிடத் தெளிவான காட்டு எளிதில் கிடைப்பதில்லை.

ரசிகர் தரப்பிலும் இவ்வாறான ஒரு வழங்கல் நடந்தது. மூலத் தொடரில் அப்பல்லோவாக நடித்த ரிச்சர்டு ஹாட்ச், பழைய கதையைத் தொடர வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடி, அதற்கெனத் தம் முயற்சியில் ஒரு முன்னோட்டப் படமும் எடுத்தவர்; மறுஆக்கச் செய்தியைக் கசப்போடு எதிர்கொண்ட அவரே, பின்னர் அப்புதிய தொடரில் டாம் சாரெக் என்னும் கிளர்ச்சியாளராக நடித்தார். பழைய பலகை ஒன்று புதிய கப்பலில், வேறோர் இடத்தில், வேறு பணிக்காகப் பொருத்தப்பட்டது என்று ஹாப்ஸ் சொல்லியிருக்கக்கூடும். இணக்கம் எல்லாருக்கும் வாய்த்ததன்று; மூலத்தை மட்டுமே கேலக்டிகா என்று ஏற்பவர் அதன்பின்னும் இருந்தனர், அவர்கள் நிலை தவறென்று காட்டும் வாதம் ஏதும் இல்லை.

இவள் ஸ்டார்பக்தானா என்று முதல் ஒளிபரப்பின்போது எழுந்த கேள்வியைப் பின்னாளில் கதையே தன் கையில் எடுத்துக்கொண்டது. இறந்துவிட்டாள் என்று கருதப்பட்ட ஸ்டார்பக் சிறு கீறலும் இன்றித் திரும்பி வருகிறாள்; 2009 ஜனவரியில் ஒளிபரப்பான ஒரு பகுதியில், பாழடைந்த கோள் ஒன்றில் நொறுங்கிக் கிடக்கும் தன் விமானத்துள் எரிந்துபோன உடலொன்றையும், அதன் கழுத்தில் தன் பெயர் பொறித்த தகட்டையும் காண்கிறாள். தான் யார் என்று சொல்லக்கூடியவர் எவரும் அங்கில்லாத நிலையில், விறகடுக்கி அவ்வுடலுக்குத் தானே தீ மூட்டுகிறாள்.