கேட்டுப் புறப்படுதல்

அமெரிக்காவில் சிறு விமானம் ஓட்டுவோர் புறப்படுமுன் அரசின் விமானச் சேவை நிலையத்தோடு தொலைபேசியில் பேசி வானிலை அறிவது நெடுங்கால வழக்கம். அலாஸ்கா நீங்கலாக, 58 நிலையங்களின் பணி 2005-இல் தனியார் நிறுவனமொன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. பல நிலையங்கள் மூடப்பட்டன. இன்று விமானிகள் பெரும்பாலும் மேகத்தையும் காற்றையும் கணினித் திரையிலேயே பார்த்துக்கொள்கின்றனர். இதனை நாம் பழிக்கவில்லை. கணினி களைப்படையாது.

ஆயினும், வானிலை கெட்டிருக்கையில், "கண்பார்வையை நம்பிப் பறத்தல் உகந்ததன்று" என அந்நிலைய அலுவலர் கூறுவார். அது கட்டளையன்று, முடிவு விமானியுடையதே. இவ்வாசகத்தைத் திரையும் காட்டலாம். ஆனால் வீடு திரும்பத் துடிப்பவர் தமக்குப் பிடித்த வரியை மட்டும் வாசித்து எழுந்துவிடுவார். அவர் குரலின் பதற்றத்தைத் திரை கேளாது, "வழியில் இறங்க வேண்டின் எங்கே இறங்குவீர்?" என மறுகேள்வி எழுப்ப அங்கே ஆளில்லை.

விவேகத்திற்குரியவற்றில் எவரும் தம்மளவில் நிறைவுடையவரல்லர் என்பது புனித தாமஸ் அக்குவினாஸின் போதனை. பழைய மறைக்கல்வி ஏட்டில் 'விமரிசை' எனப் படித்தோமே, தூய ஆவியின் அக்கொடை, தாழ்ந்து கேட்பவருக்கே பயன்படுகிறது. ஆலோசனை சொன்னவருக்கும் அப்பயணத்தில் பொறுப்புண்டு. அப்பொறுப்பை எந்திரத்தின்மீது சுமத்த இயலாது.

சாலைகள் அரிதான அலாஸ்காவில் மலைக்கணவாய்களைக் காட்டப் படக்கருவிகளை நிறுவியுள்ளனர். பேசுவதற்கு அரசு அலுவலரையும் வைத்திருக்கின்றனர்.