யார் பார்த்தது?

உங்கள் மேல் ஒருவர் பழி சொன்னால், அதை நிரூபிக்க வேண்டியது அவர் பாடு. இது காலங்காலமாக இருக்கும் உரிமை போலத் தோன்றும். இல்லை, இது போராடிப் பெற்றது.

1761 அக்டோபர். பிரான்சின் துலூஸ் நகரில், துணி வியாபாரி ழான் கலாஸின் மூத்த மகன் கழுத்தில் கயிற்றுத் தடத்தோடு இறந்து கிடந்தார். அவர்கள் புராட்டஸ்டன்ட் குடும்பம். ஊரோ கத்தோலிக்க ஊர். “மதம் மாறப் போன மகனை அப்பனே கொன்றுவிட்டான்” என்று வாசலில் கூடிய கூட்டத்தில் யாரோ கத்தினார். யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் அந்தக் கூச்சலே வழக்காயிற்று. 1762 மார்ச் 10 அன்று கலாஸைச் சக்கரத்தில் கட்டி, எலும்புகளை முறித்துக் கொன்றார்கள். தான் குற்றமற்றவன் என்பதைக் கடைசிவரை அவர் மாற்றிச் சொல்லவில்லை.

பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேருக்குக் கலாஸ் உறவுமில்லை, பழக்கமுமில்லை. சேதி வந்ததும் அவர் உடனே கலாஸ் பக்கம் சாய்ந்துவிடவில்லை; விசாரித்தார். 60 வயதைத் தாண்டியவர், 28 வயது மகனைத் தனியாளாக எப்படித் தூக்கில் மாட்டியிருப்பார்? வீட்டிலிருந்தவர்கள் சேர்ந்து செய்தார்கள் என்றால், மற்றவர்களை ஏன் உயிரோடு விட்டீர்கள்? பக்தி மிகுந்த கத்தோலிக்கரான வேலைக்காரப் பெண்ணுமா அதற்கு உடந்தை?

அந்தப் பெண்ணை நினைத்தால் மனம் நெகிழ்கிறது. பெயர் ழான் விகியேர். ஊரோடு சேர்ந்து ஒரு பொய் சொல்லியிருந்தால் அவர் அன்றே வீடு போயிருக்கலாம். சிறையில் இருந்தும், எஜமானர் கொல்லவில்லை என்றே சொன்னார். பகுத்தறிவு என்பது அறிஞர்களின் சொத்து என்று யாராவது சொன்னால், இவரை அவர்களுக்குக் காட்டுங்கள்.

வால்டேர் விடாமல் போராடினார். 1765 மார்ச் 9: கலாஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பு திருத்தப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் மிலான் நகரத்து பெக்காரியா, 26 வயதில், சித்திரவதையை எதிர்த்து ஒரு சிறு நூல் வெளியிட்டிருந்தார். வலி தாங்குகிற குற்றவாளி தப்பிப்பான், தாங்காத அப்பாவி மாட்டுவான் என்பது அவர் வாதம். ஐரோப்பா முழுவதும் அதைப் படித்தது.

1789இல் பிரெஞ்சு மனித உரிமைப் பிரகடனத்தின் 9ஆவது பிரிவு, குற்றவாளி என்று தீர்ப்பாகும்வரை எவரும் நிரபராதியே என்றது. கைது செய்தே தீர வேண்டிய நிலையிலும், தேவைக்கு மேல் யாராவது கைநீட்டினால் சட்டம் அவரைக் கடுமையாக அடக்க வேண்டும் என்றும் சொன்னது. இந்த முறை எச்சரிக்கை அதிகாரிகளுக்கு.