பாகப்பிரிவினையும் பற்றறுதலும்

முன்னோர் தேடிய நிலத்தைப் பகுத்துக்கொள்ளுங்கால் உடன்பிறந்தார் தம்முள் மாறுபடுதல் பெருவழக்காயுள்ளது. புவனபோகங்கள் உயிர்கட்குச் சின்னாள் உதவ வந்த மாயையின் காரியமாதலின், யான் எனது என்னுஞ் செருக்கறுக்க முயல்வோர் தம் பங்கினை விட்டுக்கொடுத்தலே தக்கதன்றோ எனச் சிலர் வினவுப. அதனை ஈண்டு ஆராய்வாம்.

தன்னுடைமையைத் தான் விடுதல் துறவு. பிறர் உடைமையை அவர் விடுமாறு செய்து தான் கொள்ளுதல் வௌவல். தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதற்குமுன் மணமாகாத பெண்மக்கட்கும், 2005ஆம் ஆண்டு நடுவணரசின் திருத்தம் மணமானார்க்கும், இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் ஆண்மக்களோடொத்த பிறப்புரிமை நல்கின. அங்ஙனமாகவும், சீர் செய்தாயிற்றெனக் கூறி உடன்பிறந்தாளிடம் விடுதலைப் பத்திரத்திற் கையொப்பம் பெறுவார் உளர். பிறந்தகத்து வாயில் அடைபடுமோ என்னும் அச்சத்தால் அவள் இடுங் கையொப்பம் ஈகையாகாது. பெறுவோனுக்கும் அது பற்றினை வளர்ப்பதன்றி அறுப்பதன்று. தனக்கில்லாத துறவைப் பிறர்க்கு விதித்தல் ஆணவத்தின் செயலேயாம்.

அஃதேல், வழக்காடி உறவழிதல் நன்றோ எனின், நன்றன்று. பங்கு வகுப்பவர் ஒருவரும், முதலில் தெரிந்தெடுப்பவர் மற்றொருவருமாக அமைத்துக்கொள்க. பரப்பினை மட்டும் நோக்காது நீர்ப்பாய்ச்சலும் மண்வளமும் நோக்குக. கிணறும் வண்டிப்பாதையும் பொதுவில் நிற்க. முடிந்ததனைப் பாகப்பிரிவினைப் பத்திரமாகப் பதிவு செய்க. ஒருவர் தம் பங்கினை விட விரும்பின், அது தம் கைக்கு வந்தபின், வேண்டாமென மறுத்தற்கும் இடனுள்ள நிலையில், மனமுவந்து விடுக. அதுவே கொடை; அதுவே பற்றறுதலுமாம்.