யோவாப் சொன்னால் யார் கேட்பது?

எச்சரிப்பு என்றால் அது பிரசங்க பீடத்திலிருந்துதான் வரும் என்று பலரும் நினைக்கிறோம். வேதத்தில் அப்படி இல்லை. தாவீது ராஜா ஜனங்களைத் தொகையிடத் துணிந்தபோது, வேண்டாம் என்று தடுத்தவன் தீர்க்கதரிசி அல்ல; படைத்தலைவன் யோவாப். அப்னேரை வஞ்சகமாகக் குத்திக் கொன்றவன். அப்பேர்ப்பட்டவன் சொன்ன புத்தியை, சங்கீதங்கள் பாடிய தாவீது கேட்கவில்லை. அதனால் வந்த கொள்ளைநோயில் 70,000 பேர் மாண்டார்கள் என்கிறது இரண்டாம் சாமுவேல்.

விளையாட்டு வீரர்களுக்கான கூட்டங்களில் பெரும்பாலும் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய ஓட்டப்பந்தயப் பகுதியைத்தான் எடுப்பார்கள். பொருத்தம்தான், இஸ்த்மியப் போட்டிகள் நடந்தது கொரிந்துவுக்குப் பக்கத்தில். ஆனால் ஓடு, ஜெயி என்பதோடு பிரசங்கம் முடிந்துவிடும். மற்றவர்களுக்குப் போதித்த தானே தள்ளுண்டு போகலாம் என்று பவுல் அஞ்சுகிற கடைசி வசனத்தின் எச்சரிப்புக்கு நேரம் இருக்காது.

அந்த வசனத்தைப் படித்தால் எனக்கு ஹன்சி குரோன்யே நினைவுக்கு வருகிறார். தென்னாப்பிரிக்க கிரிக்கெட் கேப்டன். தன் விசுவாசத்தை மறைக்காதவர். இயேசு என்ன செய்வார் என்ற கேள்வியின் முதலெழுத்துகள் பொறித்த பட்டையைக் கையில் அணிந்தவர். 1996 டிசம்பரில் மும்பையில், ஆட்டத்தைத் தோற்றுக்கொடுத்தால் பணம் என்ற பேரத்தை அணிக் கூட்டத்திலேயே முன்வைத்தார். ஆண்ட்ரூ ஹட்சன், டெரெக் குரூக்ஸ், டேரில் கல்லினன் ஆகியோர் எதிர்த்தார்கள். அன்று பேரம் படியவில்லை. அவருக்கு வந்த எச்சரிப்பு அதுதான். பாஸ்டரிடமிருந்து வரவில்லை, தனக்குக் கீழே ஆடியவர்களிடமிருந்து வந்தது.

2000 மார்ச்சில், நாக்பூரில், அவர் அணியைக் கூட்டவில்லை. ஹெர்ஷல் கிப்ஸையும் ஹென்றி வில்லியம்ஸையும் அணுகினார். தலைக்கு 15,000 டாலர். கிப்ஸ் 20 ரன்னுக்குள் அவுட்டாக வேண்டும். இருவரும் சம்மதித்தார்கள். மைதானத்தில் கிப்ஸ் 74 அடித்தார், வில்லியம்ஸ் தோளில் அடிபட்டு வெளியேறினார். இருந்தும் இருவருக்கும் ஆறு மாதத் தடை. குரோன்யேவுக்கு ஆயுள் தடை. விசாரணையில் அவர் சாத்தானின் பெயரைச் சொன்னார். மும்பையில் தடுத்தவர்களின் பெயர்களைச் சொல்லியிருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும். 2002இல் விமான விபத்தில் இறந்தார். அதைத் தண்டனை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

என்னை உறுத்துவது, நாக்பூரில் அந்த இருவரும் ஏன் மறுக்கவில்லை என்பது. பணத்தாசை இருந்திருக்கலாம். ஆனால் கேட்டது கேப்டன். அதுவும் தேவபக்தியுள்ளவர் என்று பெயரெடுத்த கேப்டன். நம் ஊர்ப் பயிற்சியாளர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. ஆட்டத்துக்கு முன் கைகோத்து ஜெபம் நடத்தும் கோச், அதே வாயால் வயதுச் சான்றிதழைத் திருத்திக்கொண்டு வா என்கிறார். வீங்கிய முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டு ஓடு என்கிறார். பிள்ளை என்ன செய்வான்? “சார், இது தப்பு” என்று சொன்னால் கோச்சை மட்டுமா எதிர்க்கிறான்? கர்த்தரையே எதிர்ப்பதாக அவனுக்குத் தோன்றும். பக்தி இல்லாத கோச்சிடம் இந்தச் சிக்கல் பாதிகூட இல்லை.

ஆகவே கிறிஸ்தவப் பயிற்சியாளர்களே, ஜெபத்தை விட வேண்டாம். உங்கள் முகத்துக்கு நேரே ‘வேண்டாம்’ என்று சொன்ன பிள்ளையை அடுத்த ஆட்டத்தில் பெஞ்சில் உட்காரவைக்காதீர்கள்.